கடல் பக்கமிருந்து மயிலிட்டி

2023 ஜூலை 10, திங்கள் – சென்னைத் துறைமுகம்

பெரியப்பாவுக்கு வலக்கண்ணில் புரை எடுத்து இன்றோடு 18 நாள். அதற்காகத்தான் பலாலியிலிருந்து விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தோம். வேலை முடிந்து ஊர் திரும்ப இருந்தபோது பாரிசிலிருந்து அவருடைய மகன், என் அண்ணன், அழைத்தான். சென்னையிலிருந்து போன மாதம் ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியிருக்கிறது, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றி ஐந்தாம் இரவு கழித்துச் சென்னைக்கே வந்து சேரும், பணம் கட்டிவிட்டேன், அப்பாவை ஏற்று என்றான். ஊருக்குப் போய்விட்டு மறுபடியும் சென்னைக்கு வந்து, பிறகு ஊருக்குப் போவதா என்று கேட்டேன். "அவர் கடலைப் பார்த்து எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியாதா?" என்றான். அதற்குமேல் நான் பேசவில்லை.

பெரியப்பாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியில் பிறந்து, 14 வயதில் தகப்பனோடு வள்ளம் ஏறியவர். 1990 ஜூனில் போருக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது அவருக்கு 38 வயது. வள்ளம், வலை, வீடு எல்லாம் அங்கேயே நின்றன. மல்லாகத்து முகாமில் இருந்துகொண்டு கூலி வேலைக்குப் போனார், தோட்டம் கொத்தினார், ஆடு வளர்த்தார். மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் 2017 ஜூலையில் திறந்து விட்டபோது ஊரார் அழுதுகொண்டு போய்த் தண்ணீரில் கால் நனைத்தார்கள். அவரும் நனைத்தார். கடலுக்குப் போகிற வயது தாண்டியிருந்தது. அதாவது 33 வருடமாக அவர் கரையில் நின்றுதான் கடலைப் பார்த்திருக்கிறார்.

அண்ணன் கட்டிய பணம் கடல் தெரிகிற அறைக்கு. கொடுத்ததோ ஜன்னல் இல்லாத உள்ளறை. டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் முதலில் தொலைபேசியை எடுக்கவில்லை, எடுத்தபோது கப்பல்காரரைக் கேளுங்கள் என்றார். கப்பல்காரர் முகவரைக் கேளுங்கள் என்றார்கள். இந்தப் பந்தாட்டத்தில் ஒன்றரை மணி நேரம் போனது. பெரியப்பா படுக்கையில் உட்கார்ந்து நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, "கடலில் நிற்கிறோம் என்று சொல்வதற்கு இங்கே ஒன்றும் இல்லையே, பிள்ளை" என்றார். எனக்கு அந்த முகவர் மேல் வந்த கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை.

ஜூலை 11, செவ்வாய் – முழுநாளும் கடல்

அதிகாலை நாலு மணிக்குக் கண் மருந்து விட எழுந்தேன். பக்கத்துப் படுக்கை காலி. இரவு உடுப்போடு படியேறி ஓடினேன். பத்து மாடிக்கு மேலே, நீச்சல் தடாகத்தைத் தாண்டிய இடது விளிம்பில், கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த இருட்டிலும் வைத்தியர் சொன்னபடி கண்ணாடியைக் கழற்றாமல் நின்றார். தேய்பிறை அரைநிலா மேலே ஏறியிருந்தது.

"அறையில் படுத்தால் விடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை" என்றார். "அதோடு, காற்று என்ன காற்று என்று பார்க்க வேண்டும்."

முகத்தில் அறைந்த காற்றைக் காட்டி, இதுதானே சோளகம் என்று கேட்டேன். வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்: தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், வடகிழக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். பெரியப்பா தலையாட்டவில்லை. "இது கப்பல் ஓடுவதால் வருகிற காற்று. கடற்காற்றை முகத்தில் பார்க்காதே, தண்ணீரில் பார். அலையின் முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, நுரை எந்தப் பக்கம் உடைகிறது என்று பார். அதுதான் பொய் சொல்லாது." வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். அலைகள் கப்பலுக்குச் சரிவாக, வலது முன்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. சோளகம்தான். ஆனால் நான் காட்டிய திசையில் இல்லை.

ஒரு நாள் முழுவதும் கரை தெரியாமல் இருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. நெடுந்தீவுக்குப் போகும்போது குறிகாட்டுவானில் ஏறினால் ஏதாவது ஒரு தீவு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இங்கே தண்ணீர் வட்டமாக இருக்கிறது, கப்பல் எப்போதும் அதன் நடுவில் இருக்கிறது. சென்னைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நேர்வழி பாக்கு நீரிணை ஊடாக இருக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். ஆதாம் பாலத்தில் ஆழமான இடமே பத்து மீட்டர் அளவுதான், சில இடங்களில் ஒரு மீட்டர் தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே பெரிய கப்பல்கள் இலங்கையின் கிழக்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். காலை பத்து மணிக்குப் பெரியப்பா வெறும் தண்ணீரைக் கைகாட்டி, "இதற்கு நேரே மேற்கில் முல்லைத்தீவு இருக்க வேண்டும்" என்றார். கப்பலின் தொலைக்காட்சியில் வரைபடம் ஓடியது. போய்ப் பார்த்தேன். முல்லைத்தீவுக்குச் சற்று வடக்கே நின்றோம். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. "பழக்கம் விட்டுப் போயிற்று" என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை உணவை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. தோசை, பூரி, பாஸ்தா, பனீர், எட்டு வகை இனிப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல காப்பி மட்டும், ஒரு கோப்பை 190 இந்திய ரூபாய். பெரியப்பா தட்டை ஏந்தி மூன்று சுற்று நடந்து மீன் தேடினார். கிடைத்தது முள் இல்லாத, தோல் இல்லாத, தலை இல்லாத ஒரு வெள்ளைத் துண்டு. குளிரூட்டிப் பெட்டியில் வெகுதூரம் வந்த வளர்ப்பு மீன். சுற்றிலும் கடல், தட்டில் இது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு மீதியை மெதுவாக ஓரத்தில் தள்ளினார். சோற்றுக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

பரிமாறிய இளைஞன் அதைக் கவனித்துவிட்டான். "ஐயாவுக்கு மீன் பிடிக்கவில்லையா?" என்று கேட்ட தமிழிலேயே அவன் கடற்கரைப் பிள்ளை என்று பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். நாகப்பட்டினம். தகப்பனும் சித்தப்பாவும் கடல் தொழில். நாங்கள் மயிலிட்டி என்றதும் அவன் கையிலிருந்த தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது.

"எங்கள் சித்தப்பாவின் படகு மயிலிட்டியில்தான் நிற்கிறது, ஐயா. இலங்கைக் கடற்படை பிடித்து இரண்டு வருடம் ஆகிறது."

இந்த இடத்தில் வடக்கு மீனவர் வீட்டில் வளர்ந்த எவருக்கும் நெஞ்சில் ஒரு முடிச்சு விழும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எங்கள் கரைவரை வந்து, கடலின் அடியையே வாரிக்கொண்டு போகின்றன. குஞ்சு, சினை, பாசி ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடன்பட்டு வாங்கிய வலைகளை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கையில் இழுவைமடித் தொழிலை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். என்னோடு படித்தவளின் கணவர் ஒரே இரவில் நான்கு இலட்சம் ரூபாய் வலையை இழந்தார். அதே சமயம், இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

பெரியப்பா கேட்டார். "இழுவைமடியா, தம்பி?"

"ஆமாம், ஐயா."

"அது பிழையான தொழில். உங்கள் கடலை முடித்துவிட்டுத்தானே எங்கள் கடலுக்கு வருகிறீர்கள்?"

அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது, ஐயா. படகுக் கடனை நான்தான் இங்கிருந்து கட்டுகிறேன்" என்றான். பெரியப்பா அவன் தோளைத் தட்டினார். "படகின் எண்ணை எழுதித் தா. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்."

மாலையில் மேல்தளத்தில் சென்னைத் தம்பதி ஒன்று பக்கத்து நாற்காலியில் அமர்ந்தது. ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்கள். பண்பானவர்கள், பெரியப்பாவுக்கு நிழல் விழும் பக்கத்தை விட்டுக் கொடுத்தார்கள். பேச்சின் நடுவே அந்த அம்மா, "யாழ்ப்பாணத்தில் இதற்கு முன் கப்பல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். தெரியாமல் கேட்டதுதான். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். மயிலிட்டிக்குக் கிழக்கே வல்வெட்டித்துறையில் வேம்பும் இலுப்பையும் அறுத்துக் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளைக் கொண்டே அதை ஓட்டிப் போனதையும், 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்ததையும் அவர் ஒரு மணி நேரம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர் பத்துப் பேரானார்கள். பள்ளிக்கூடத்தில் இதை நான் இருபது தடவை சொல்லியிருப்பேன். நடுக்கடலில் வைத்து அவர் சொல்லும்போதுதான் அந்தத் தூரம் எனக்கு உறைத்தது. இந்தப் பதினொரு மாடியும் இயந்திரமும் இருந்தும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் இருந்தது பாயும் கயிறும்.

இரவு கப்பல் ஆடத் தொடங்கியது. நான் இரண்டு முறை சத்தி எடுத்தேன். பெரியப்பா தேசிக்காய் ஒன்று எங்கிருந்தோ வாங்கி வந்து மணக்கத் தந்தார். பிறகு தன் படுக்கையில் மல்லாந்து, ஆட்டத்துக்கு ஏற்றபடி கால் பெருவிரலை அசைத்துக்கொண்டே தூங்கிப் போனார். இவ்வளவு ஆழ்ந்து அவர் தூங்கி நான் கண்டதில்லை.

ஜூலை 12, புதன் – அம்பாந்தோட்டை

வெயிலும் புழுதிக் காற்றும். கண்ணுக்குக் கூடாது என்று பெரியப்பாவைத் தூரம் கூட்டிப் போகவில்லை. வீதியோரக் கடையில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வாங்கினோம், சட்டி 600 ரூபாய். கடைக்கார அம்மா பெரியப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து உள்ளே அழைத்து, மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியப்பாவின் சிங்களம் பத்துச் சொல். அந்தப் பத்துச் சொல்லில் இருவரும் கண் சத்திரசிகிச்சை பற்றிப் பேசி முடித்தார்கள்.

ஜூலை 13, வியாழன் – திருகோணமலை

கோணேசர் கோயிலில் நல்ல கூட்டம். பெரியப்பா கும்பிட்டது சுருக்கம். பாறை விளிம்பில் நின்று கீழே போன இரண்டு படகுகளைப் பார்த்ததுதான் அதிகம். நாளைக்கு விடிய எத்தனை மணிக்கு ஊர்க்கரை தெரியும் என்று கப்பல் பணியாளர்களிடம் மூன்று தடவை என்னைக் கேட்க வைத்தார். இரவு சாப்பிடவே இல்லை.

ஜூலை 14, வெள்ளி – காங்கேசன்துறை

நாலரை மணிக்கு மேலே போனோம். மெல்லிய பிறை. கரை கறுப்புக் கோடாக இடது பக்கம் நீண்டிருந்தது, அதில் அங்கங்கே விளக்குகள். பெரியப்பா பேசவில்லை. விடியல் வெளிச்சம் பரவத் தொடங்கியதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் தடுக்கப் போனேன். "கொஞ்ச நேரம், பிள்ளை" என்றார்.

கரையோரமாக மீன் பிடித்தவர்கள் கடலில் தம் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கரையில் கிட்டவொன்றும் எட்டவொன்றுமாக இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்று விழ வைப்பார்கள். இன்னொரு பக்கத்தில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் நிற்கிறது. அவருடைய அடையாளங்கள் மாதா கோயிற் கோபுரம், அதற்குப் பின்னால் உயர்ந்த பனைகள், காங்கேசன்துறை வெளிச்சவீடு, சிமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. 1990க்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை ஓடவில்லை. பழைய கோபுரம் போரில் போய்விட்டது. பனைகள் என்ன ஆயின என்று யாருக்கும் கணக்கில்லை.

அவர் இடக்கண்ணைப் பொத்திப் புதுக்கண்ணால் பார்த்தார். பிறகு அதைப் பொத்தி மற்றதால் பார்த்தார். மறுபடி புதுக்கண். வெகுநேரம்.

"வெளிச்சவீடு இருக்கிறது" என்றார். "அதை வைத்துக் கணக்குப் பண்ணலாம்." வலக்கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, விரல் விரலாகக் கரையை அளந்து கிழக்கே வந்தார். ஒரு வெள்ளைப் பொட்டில் நிறுத்தினார். "அது புதுத்துறையின் அணை. அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பச்சை தாழ்கிற இடம் இருக்கிறதே, அங்கேதான் எங்கள் மீன்வாடி. அதற்கு நேர் பின்னால் வீடு."

அந்தக் காணிக்கு நாங்கள் வருடத்தில் பத்துத் தடவை போகிறோம். கிணற்றுக் கட்டும் சீமெந்து நிலமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. புல் வெட்டுகிறோம், பொங்கல் வைக்கிறோம். வீதிப் பக்கமிருந்து பார்க்கும்போதெல்லாம் இடிந்ததுதான் தெரியும். கடல் பக்கமிருந்து அது தெரியவில்லை. பச்சையாக, முழுமையாக, ஒரு கரை இருந்தது. பெரியப்பா அழுதார். கண்ணுக்குக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

வரிசையில் நின்று கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. கழுத்தில் பயணிகளுக்கான அட்டை. வரவேற்க நின்ற பிள்ளை ஒருத்தி சந்தனம் வைத்து, "யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள், ஐயா" என்றாள். பெரியப்பா கைகூப்பி, "நன்றி, அம்மா" என்றார். ஊர்க்காரன் என்று சொல்லி அவளைச் சங்கடப்படுத்த அவர் விரும்பவில்லை. மற்றவர்களை நல்லூருக்கும் கோட்டைக்கும் பஸ்கள் கொண்டு போயின.

வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், ஓட்டோவில் பெரியம்மா. காலை எட்டு மணியிலிருந்து இருக்கிறார். மல்லாகத்திலிருந்து வந்து, காத்திருந்து, மயிலிட்டிக்கும் போய்த் திரும்ப ஓட்டோக்காரத் தம்பி 3,500 ரூபாய் கேட்டார். பெரியம்மா 3,000 கொடுத்து, மிச்சத்துக்குச் சாப்பாடு கொடுத்தார். அடுக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் ஒடியற் கூழின் மணம். நண்டு, கணவாய், திருக்கை, பயற்றங்காய், பலாக்கொட்டை. முந்தின நாளே மா ஊறவைத்து, விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார். பிலா இலை கோலிக் குடித்தோம். பெரியப்பா நான்கு தடவை வாங்கினார். மீன் தலை ஒன்றை எடுத்துச் சப்பிக்கொண்டே, கப்பலில் தின்ற வெள்ளைத் துண்டைப் பற்றி முறைப்பாடு சொன்னார். பெரியம்மா அந்தக் கப்பல் சமையற்காரரை ஒரு தாய் திட்டுவது போலத் திட்டினார்.

பிறகு அவர் கேட்டார். "கடலிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கிறது?"

52 வருடம் மீனவனுக்கு மனைவி. ஒருநாளும் வள்ளம் ஏறியதில்லை, அந்தக் காலத்தில் பெண்களை ஏற்றுவதில்லை. கரையில் நின்று காத்திருந்ததுதான் அவருடைய கடல். அவர் இப்படியொரு கேள்வியை மனதில் வைத்திருப்பார் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. பெரியப்பாவுக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். இலையைக் கீழே வைத்துவிட்டு, "வடிவாக இருக்கிறது" என்றார். "நீயும் பார்க்க வேண்டும்."

தையிட்டி வழியாக மயிலிட்டித் துறைக்குப் போனோம். மீனவர் சங்கத்தில் தெரிந்தவர் இருந்ததால் உள்ளே விட்டார்கள். பிடிபட்ட இழுவைப் படகுகள் ஓர் ஓரமாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். பச்சை வர்ணம் உரிந்து, பின்பக்கம் தண்ணீரில் இறங்கி, முன்பக்க அணியத்தில் ஒரு காய்ந்த மாலையோடு நின்றது. பெரியப்பா அதன் பலகையில் கையை வைத்துத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். நான் படம் எடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். "வாயால் சொல்கிறேன். படத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளை தாங்கமாட்டான்."

மூன்றரைக்குக் கப்பலுக்குத் திரும்பினோம். வீதியில் வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தையும் பனங்கட்டியையும் விட்டார்கள், மீதிக் கூழை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சட்டம் அதுதான் என்றாலும் மனம் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அந்த இளைஞன் எங்கள் மேசைக்கு வந்தான். பெரியப்பா அவனை உட்காரச் சொன்னார். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று நின்றான். "கீழ்ப்பலகை உக்கிவிட்டது, தம்பி. இயந்திரத்துக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கும். திரும்பித் தந்தாலும் அது கடலுக்குப் போகாது. சித்தப்பாவிடம் அதை நினைத்துக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்" என்றார். அவன் சற்று நேரம் பேசாமல் நின்று, "மாலை இருந்ததா, ஐயா?" என்று கேட்டான். இருந்தது என்றார். பிறகு பனங்கட்டிக் குட்டான் இரண்டை அவன் கையில் வைத்தார்.

ஜூலை 15, சனி – சென்னை

இறங்கும்போதே வெக்கை. துறைமுகத்திலிருந்து விடுதிக்கு ஆட்டோ 450 இந்திய ரூபாய். கண் வைத்தியர் பார்த்துவிட்டு, சிவப்பு கொஞ்சம் இருக்கிறது, மருந்தை இன்னும் ஒரு வாரம் விடுங்கள் என்றார். கடற்காற்றா என்று கேட்டார். நான் ஆம் என்றேன்.

பலாலி விமானம் திங்கட்கிழமை. ஜன்னலோர இருக்கை இரண்டு வேண்டும் என்று பெரியப்பா கேட்டிருக்கிறார், ஒன்று எனக்காம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இப்போது சோளகம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்படியென்றால் கடல் பக்கமிருந்து தென்மேற்கு நோக்கி வரும், மயிலிட்டி வலப்பக்கம் விழும்" என்றார். வலப்பக்கமே எடுத்திருக்கிறேன். பெரியம்மாவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைக்கும்படியும் சொல்லியிருக்கிறார்.